வாக்சிங் செய்த பிறகு வழவழப்பு நீண்ட நாள் நிற்க என்ன செய்ய வேண்டும்?

மாதாமாதம் பார்லருக்குப் போய்க் கை, கால் முழுவதும் வாக்சிங் செய்துகொண்டும் ஐந்தாறு நாளிலேயே கால் சொரசொரத்துவிடுகிறது என்றும், தேன், சாக்லேட், ரிக்கா என்று சொல்லப்படும் வாக்ஸ் வகைகளில் எதைப் போட்டால் அதிக நாள் நிற்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாக்ஸின் வகையை மாற்றுவதால் கிடைக்கும் கூடுதல் நாட்கள் மிகக் குறைவு. முடி வேரோடு வருகிறதா, பாதியில் ஒடிகிறதா என்பதும், அடுத்த முறை வரை ரேசரைத் தொடாமல் இருக்கிறீர்களா என்பதும்தான் நாள்கணக்கைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டும் சரியாக அமைந்துவிட்டால், கால்களில் மூன்று முதல் ஐந்து வாரம் வரையிலும், அக்குளில் இரண்டு முதல் மூன்று வாரம் வரையிலும் வழவழப்பு நிற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமானது. அழகுக்கலைப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் இந்தப் புகாரை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அதன் காரணத்தை முடி திரும்ப முளைத்த நாளை வைத்தே சொல்லிவிட முடியும்.

வாக்சிங் செய்த மூன்றிலிருந்து ஏழு நாட்களுக்குள், தடவினால் குத்துகிற மாதிரி தடிப்பான முனையுடன் முடி தெரிந்தால், அது புதிதாக முளைத்த முடி இல்லை. தோலின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ ஒடிந்து நின்றுவிட்ட பழைய முடி, மிச்சமிருந்த வேரிலிருந்து வளர்ந்து மேலே வந்திருக்கிறது. ரேசரால் மழித்ததற்கும் இதற்கும் விளைவில் வேறுபாடு கிடையாது. பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், அங்கொன்றும் இங்கொன்றுமாக, கூரிய மெல்லிய நுனியுடன் முடிகள் தலைகாட்டினால், வாக்ஸ் போட்ட அன்று தோலுக்கு வெளியே வராமல் உள்ளே வளர்ந்துகொண்டிருந்த முடிகள் அவை. அவற்றுக்காக உங்கள் பியூட்டிஷியனைக் குறை சொல்ல முடியாது. மூன்று வாரத்துக்குப் பிறகு பரவலாகவும் மென்மையாகவும் வருவதே வேரோடு பிடுங்கப்பட்ட இடத்தில் முளைக்கும் உண்மையான மறுவளர்ச்சி. உங்களுடையது ஐந்தாறு நாளில் வருகிறது என்பதால், முடி ஒடிவதுதான் உங்கள் சிக்கல் என்று உறுதியாகவே சொல்வேன்.

அதை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. வாக்ஸின் மேல் ஒட்டி இழுத்து எடுத்த ஸ்ட்ரிப்பை, அதாவது அந்தத் துணி அல்லது காகிதப் பட்டையை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக் கேளுங்கள். வேரோடு வந்த முடியின் அடியில் சிறு குமிழ் போன்ற முனை தெரியும். சிலவற்றில் அது வெள்ளையாகவும் சிலவற்றில் கறுப்பாகவும் இருக்கும். இரண்டு பக்கமும் குமிழில்லாத துண்டு முடிகளே அதிகம் ஒட்டியிருந்தால், அன்றைய வேலை சரியாக நடக்கவில்லை. இப்படிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. வேலை தெரிந்தவர் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பலர் தாமாகவே எடுத்துக் காட்டுவார்கள்.

முடி ஏன் ஒரே நாளில் முளைப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். ஒவ்வொரு மயிர்க்காலும் வளரும் பருவம், வேர் சுருங்கும் சிறு இடைப்பருவம், ஓய்வுப் பருவம் என்று சுழன்றுகொண்டே இருக்கிறது. தலைமுடியில் எந்த நேரத்திலும் 85 முதல் 90 விழுக்காடு வளரும் பருவத்தில் இருக்கும். அந்தப் பருவமும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும், அதனால்தான் கூந்தல் இடுப்பு வரை நீள்கிறது. கை, கால் ரோமங்களின் வளரும் பருவம் சில மாதங்களோடு முடிந்துவிடுகிறது. எந்த நாளில் பார்த்தாலும் அவற்றில் பெரும்பகுதி ஓய்வில்தான் இருக்கும். முதல் முறை வாக்ஸ் போடும்போது வெளியே தெரியும் முடி மட்டுமே வருகிறது. உள்ளே கிளம்பிக்கொண்டிருப்பவையும், பழைய முடி உதிர்ந்து காலியாகக் கிடந்து சில நாளில் விழித்துக்கொள்ளும் மயிர்க்கால்களும் அடுத்தடுத்து வெளியே வருகின்றன. ஆகவே முதல் தடவையே நான்கு வாரம் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. ஒழுங்கான இடைவெளியில் மூன்று நான்கு முறை செய்த பிறகு, பிடுங்கப்பட்டவை ஏறக்குறைய ஒரே காலத்தில் முளைக்கத் தொடங்குவதால், வழவழப்பான நாட்கள் கூடுகின்றன.

இடையில் ஒரே ஒரு முறை ரேசர் போட்டாலும் இந்த ஒழுங்கு கலைந்துவிடும். அவசரமாக ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், இரண்டு வாரத்து முடி கொஞ்சம் தெரிகிறது என்று ரேசரை எடுத்தால், எல்லாப் பருவத்து முடிகளும் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டு, அடுத்த வாக்சிங்கின்போது பாதிக்குமேல் பிடிக்க முடியாத நீளத்தில் நிற்கும். முடி நீக்கும் கிரீமும் இந்த வகையில் ரேசரைப் போன்றதே. வேரை அது தொடுவதில்லை. முதல் இரண்டு மூன்று முறை மூன்று அல்லது நான்கு வார இடைவெளியிலும், பிறகு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறையும் போவது கால்களுக்குப் பொருந்தும். கல்யாணப் பெண்கள் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் முதல்முறையாக வாக்சிங் செய்துகொள்ள வருவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். சிவந்து தடித்த தோலோடு மணவறையில் உட்கார நேரும். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கி, கடைசி முறையை முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னதாக வைத்துக்கொள்வதே சரி.

இனி, முடி ஏன் ஒடிகிறது என்பதற்கு வருகிறேன். முதல் காரணம் நீளம். சர்க்கரைப் பாகு வகை வாக்ஸ் பிடித்துக்கொள்ள முடி சுமார் 6 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம் இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் வாக்ஸ் நழுவும் அல்லது நுனியை மட்டும் பற்றி ஒடிக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தாலும் வலி கூடி, முடி வளைந்து ஒடியும். அப்போது வாக்ஸ் போடுவதற்கு முன் கத்தரியால் நீளத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. கடைசியாக ரேசர் போட்டிருந்தால் குறைந்தது இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் போங்கள்.

இரண்டாவது காரணம் தோலின் நிலை. நம் ஊர்ப் பெண்கள் பலர் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அன்று மாலையே பார்லருக்குப் போகிறார்கள். எண்ணெய்ப் பசை தோலில் இருக்கும்வரை வாக்ஸ் முடியைப் பற்றாது. எண்ணெய்க் குளியலை இரண்டு நாள் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள். வாக்சிங் செய்யும் நாளில் எண்ணெய், பாடி லோஷன் எதுவும் வேண்டாம். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் சித்திரை, வைகாசியில் வேர்வையும் இதே தொல்லையைத் தரும், ஏனெனில் சர்க்கரை வாக்ஸ் தண்ணீரில் கரையக்கூடியது. ஈரத் தோலில் அது இளகிவிடும். வெயிலில் வந்தவுடன் படுக்காமல், மின்விசிறிக்குக் கீழோ குளிரூட்டிய அறையிலோ பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து உடல் ஆறிய பிறகு தொடங்கச் சொல்லுங்கள். தோலைத் துடைத்து மெல்லிய பூச்சாகப் பவுடர் தூவுவது வேர்வையை உறிஞ்சவே. வெள்ளையாகப் படியும் அளவுக்குக் கொட்டினால் வாக்ஸ் முடியை விட்டுவிட்டுப் பவுடரில் ஒட்டிக்கொண்டு வரும். முந்தைய நாள் பீர்க்கங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்துக் குளித்தால் தோலின் மேல் படிந்த செத்த செல்கள் நீங்கி, படுத்திருக்கும் முடிகள் நிமிரும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, கை வேலை. ஸ்ட்ரிப் வைத்து எடுக்கும் வாக்ஸை முடி வளரும் திசையில் மெல்லிய அடுக்காகத் தடவ வேண்டும். எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். இழுக்கும்போது கை தோலை ஒட்டியே, அதற்கு இணையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். பல இடங்களில் ஸ்ட்ரிப்பை மேல்நோக்கித் தூக்கி இழுக்கிறார்கள். முடி மடங்கி ஒடிவதற்கும் தோல் தடித்துப்போவதற்கும் இதைவிடப் பெரிய காரணத்தை நான் கண்டதில்லை. இன்னொரு கை தோலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். முழங்கால், முழங்கை, கணுக்கால் ஆகிய இடங்களில் மூட்டை மடக்கிக்கொண்டால்தான் தோல் இறுகும். காலின் முன்பக்கத்தில் முடி கீழ்நோக்கி வளர்ந்தாலும் பின்பக்கத்திலும் தொடையிலும் சாய்ந்து வளரும். அக்குளில் குறைந்தது இரண்டு திசைகளில் வளரும். அக்குள் முழுவதையும் ஒரே ஸ்ட்ரிப்பில் ஒரே திசையில் இழுப்பவரிடம் போனால் பாதி முடி ஒடிந்துதான் நிற்கும். சிறு சிறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் திசையையும் பார்த்துத் தடவச் சொல்லுங்கள்.

சூடும் கவனிக்கப்பட வேண்டியது. ஆறிப்போன வாக்ஸ் தடிமனாகப் படிந்து, பிய்ந்து பிய்ந்து வரும். அதிகம் கொதித்தது தோலைச் சுட்டுவிடும். நல்ல பியூட்டிஷியன் முதலில் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் தோலில் ஓர் இடத்தில் மட்டும் சிறிது வைத்துக் கேட்டுவிட்டே தொடங்குவார். ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை வாக்ஸ் தடவி இழுப்பதை அனுமதிக்காதீர்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு எஞ்சியிருக்கும் ஓரிரு முடியை இடுக்கியால் எடுப்பதே தோலுக்கு நல்லது.

வாக்ஸ் வகையைப் பற்றி நீங்கள் குறிப்பாகக் கேட்டதால் சொல்கிறேன். தேன் வாக்ஸ் என்று பார்லர்களில் வழங்குவது பெரும்பாலும் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் சேர்ந்த பாகுதான். விலை குறைவு, தண்ணீரில் கழுவினால் போய்விடும். தேர்ந்த கையில் கை கால்களுக்கு இது முற்றிலும் போதுமானது. ரிக்கா முதலிய எண்ணெயில் கரையும் வகைகள் பிசின் கலந்தவை; மெல்லிய அடுக்காகப் பரவி, 3, 4 மில்லிமீட்டர் முடியைக்கூடப் பிடிக்கும், வேர்வையாலும் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. உங்கள் முடி குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால் இவற்றுக்குக் கூடுதல் விலை தருவதில் பொருள் உண்டு. ஆனால் பிசின் சிலருக்கு ஒவ்வாமை தரும். முதல் முறை போடுபவர்கள் முன்கையில் சிறு இடத்தில் சோதித்து ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப் இல்லாமல் தானே கெட்டிப்பட்டு உரியும் கெட்டி வாக்ஸ், தோலை விட்டு முடியை அதிகம் பற்றுவதால், அக்குளுக்கும் பிகினிப் பகுதிக்கும் என் தேர்வு அதுவே. சாக்லேட், கற்றாழை, பழச்சாறு என்று பெயரோடு வருபவற்றில் மணமும் நிறமும் மாறுகின்றன. முடி திரும்ப வரும் நாள் மாறுவதில்லை.

தூய்மையில் விட்டுக்கொடுக்காதீர்கள். வாக்ஸ் தடவும் தட்டைக் குச்சியான ஸ்பாட்டுலாவை, உங்கள் தோலில் பட்ட பிறகு மறுபடி வாக்ஸ் சட்டியில் விடுவது, ஒருவரின் கிருமியை அடுத்தவருக்குக் கொண்டுசெல்லும் வழி. ஒரு முறை பயன்படுத்தி எறியும் ஸ்பாட்டுலாவையும் புதிய ஸ்ட்ரிப்பையும் கேளுங்கள். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணி ஸ்ட்ரிப்புகள் இருக்கும் இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிலர் வாக்சிங்கையே தவிர்க்க வேண்டும். முகப்பருவுக்காக ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகும் வரை எந்த இடத்திலும் வாக்ஸ் போடக் கூடாது. தோல் முடியோடு உரிந்து வந்துவிடும். ட்ரெடினாயின், அடாபலீன் போன்ற கிரீம்களைப் பூசும் இடத்தில் குறைந்தது ஒரு வாரம் முன்பே அவற்றை நிறுத்த வேண்டும். மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிப் பூசப்படும் சிவப்பழகு கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்துபோகும் என்பதால் அந்த முகத்தில் வாக்ஸ் வேண்டவே வேண்டாம். நரம்புச் சுருள் புடைத்த கால், வெயிலில் கன்றிய தோல், புண் உள்ள இடம் ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே செய்துகொள்ள வேண்டும்.

வாக்சிங் முடிந்த முதல் இரண்டு நாட்கள் மயிர்க்கால்கள் திறந்த புண்ணுக்குச் சமம். கொதிக்கும் வெந்நீர்க் குளியல், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம், இறுக்கமான லெக்கிங்ஸ், வாசனைத் திரவியம், அக்குளில் டியோடரண்டு ஆகிய எல்லாவற்றையும் இந்த இரண்டு நாட்கள் தள்ளிவையுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி எடுத்தால் சிவப்புத் தணியும். வீட்டுக் கற்றாழையைப் பயன்படுத்துவதாக இருந்தால், வெட்டியவுடன் வடியும் மஞ்சள் பாலை முழுவதுமாக வடியவிட்டுக் கழுவிய பிறகு உள்ளிருக்கும் தெளிந்த சதையை மட்டும் பூசுங்கள். அந்தப் பால் தோலை எரிக்கும். எலுமிச்சைச் சாற்றை எக்காரணம் கொண்டும் தடவாதீர்கள்; அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கறுத்துவிடும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் பராமரிப்பின் முக்கியப் பகுதி தொடங்குகிறது. வேரோடு பிடுங்கப்பட்ட இடத்தில் புதிய முடி மிக மெல்லிய நுனியோடு வருவதால், மேலே செத்த தோல் மூடியிருந்தால் அதைத் துளைக்க முடியாமல் உள்ளேயே வளைந்து வளரும். புள்ளி புள்ளியாகத் தெரிவதும் சிறு கட்டிகள் வருவதும் இதனால்தான். வழவழப்பு கெட்டுப்போனதாக நினைத்துப் பலர் இந்தக் கட்டத்தில் ரேசரை எடுக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை பீர்க்கங்காய் நாரோ மெல்லிய துணியோ கொண்டு வட்டமாக, அழுத்தாமல் தேய்த்துக் குளியுங்கள். தினமும் குளித்த ஈரத்தோடு மாய்ஸ்சரைசர் பூசுங்கள். மேல்கையிலும் தொடையிலும் கோழித்தோல் போன்ற சொரசொரப்பு எப்போதும் இருக்குமானால் அது வாக்சிங்கின் குறை இல்லை, தோலின் இயல்பு. 10 விழுக்காடு யூரியா அல்லது லாக்டிக் அமிலம் உள்ள லோஷன் அதற்கு நன்றாக உதவும். உள்ளே வளைந்த முடியை ஊசியால் தோண்டினால், நம் போன்ற மாநிறத் தோலில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் மறையாது. சாலிசிலிக் அமில லோஷனைப் பூசிப் பொறுத்திருந்தால் பெரும்பாலானவை தாமே வெளிவரும். சீழ் கட்டி வலித்தால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெளியே தெரியும் கை கால்களுக்கு, வாக்சிங் செய்த வாரத்தில் சன்ஸ்கிரீன் பூசுவதும் இந்தக் கறுப்பைத் தடுக்கவே.

முடி வளர்வதையே குறைக்கும் என்று பலர் நம்புபவற்றையும் சொல்லிவிடுகிறேன். கஸ்தூரி மஞ்சளும் பயத்தம் மாவும் தோலை நன்றாகச் சுத்தம் செய்கின்றன, தேய்க்கும்போது சில மெல்லிய ரோமங்கள் உதிர்கின்றன. மயிர்க்கால் அதனால் மூடிக்கொள்வதில்லை. மழித்தால் முடி தடிப்பாக வளரும் என்பதும் தவறு. அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-இலேயே ஆய்ந்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று காட்டினார். வெட்டப்பட்ட முனை மொட்டையாக இருப்பதால் தடவும்போது குத்துகிறது, அவ்வளவே. ரேசரைத் தவிர்க்கச் சொல்வதற்கு நான் முன்பு கூறிய இடைவெளிக் காரணமே போதும்.

முகத்தில், குறிப்பாகத் தாடையிலும் மேலுதட்டிலும் கறுத்துத் தடித்த முடி புதிதாக வரத் தொடங்கி, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்றால், வாக்சிங்கை எத்தனை நன்றாகச் செய்தாலும் நிற்காது. சினைப்பை நீர்க்கட்டி என்று பொதுவாகச் சொல்லப்படும் பிசிஓஎஸ் முதலிய காரணங்களை மகப்பேறு மருத்துவரோ ஹார்மோன் மருத்துவரோ பார்க்க வேண்டும். உள்ளே சரிசெய்யாமல் வெளியே பிடுங்கிக்கொண்டே இருப்பதில் தோல்தான் புண்படும்.

நிரந்தரக் குறைப்பு வேண்டும் என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிட்டால் லேசர் பக்கம் போகலாம். மாநிறத்துக்கும் அதைவிடக் கறுத்த நிறத்துக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. அது இருக்கிறதா என்று தோல் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். லேசர் முடியின் கருநிறத்தைப் பிடித்து மயிர்க்காலைச் சுடுவதால், முடி உள்ளே இருந்தாக வேண்டும்; வாக்சிங்கைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, இடைப்பட்ட நாட்களில் ரேசரை மட்டும் பயன்படுத்த வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் லேசருக்குக் கொடுத்த பணம் வீணாகும். அந்த முடிவுக்கு இன்னும் வரவில்லையென்றால், அடுத்த முறை பார்லரில் இழுத்த முதல் ஸ்ட்ரிப்பை வாங்கிப் பாருங்கள். குமிழோடு முடி வந்திருந்தால் அங்கேயே தொடருங்கள், துண்டு துண்டாக வந்திருந்தால் வாக்ஸை மாற்றச் சொல்வதற்கு முன் இழுக்கும் திசையையும் கையின் போக்கையும் மாற்றச் சொல்லுங்கள், அப்போதும் மாறவில்லையென்றால் வேறு கை தேடுங்கள்.